மீன் இல்லாத நாளுக்குக் காரசாரமாக ஒரு காய் வெஞ்சனம் சொல்லுங்கள் (மண்டபம், உவர் தண்ணீர்)

மண்டபம் மருமகள்:
எல்லோருக்கும் வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து மண்டபத்தில் வாக்கப்பட்டவள் நான். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் கரைக்கு வருகிறது, ஆனால் அந்த விலைக்கு வாங்கித் தினமும் குழம்பு வைக்க முடியாது. வாரத்தில் பாதி நாள் காய்தான். வீட்டில் எல்லோருக்கும் மீன் குழம்புக்குப் பழகிய நாக்கு. தேங்காய்ப்பூ தூவின பொரியலை வைத்தால் தொடக்கூட மாட்டேன் என்கிறார்கள். சோற்றில் பிசைந்தால் நாலு வாய் கூட இறங்குகிற மாதிரி, காரமாக, அதிக வேலை இல்லாமல் ஒரு வெஞ்சனம் வேண்டும். கத்தரிக்காயும் வாழைக்காயும் கொத்தவரங்காயும் இங்கே எப்போதும் கிடைக்கிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. குழாயில் குடிநீர் வராத நாளில் போர் தண்ணீரில்தான் சமையல். அதில் போட்ட கொத்தவரங்காய் எவ்வளவு நேரம் கொதித்தாலும் நறுக்கு நறுக்கென்றே நிற்கிறது. எங்கள் ஊரில் இப்படி ஒரு தொல்லையே கிடையாது. இதற்கும் வழி சொல்லுங்கள்.

வல்லத்துக்காரன், தேவிபட்டினம்:
அக்கா, கத்தரிக்காய்ப் பிரட்டல் வையுங்கள். படகில் சமையல் என் பொறுப்பு. மீன் பிடிக்கிறவனுக்கும் எல்லா வேளையும் மீன் இறங்காது, அதனால் கத்தரிக்காய் எப்போதும் கூடவே வரும்.

அரைக் கிலோ காய்க்குக் கணக்கு இது. குண்டு வத்தல் 7, மல்லி ஒரு மேசைக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகு 10. இவற்றைச் சிறு தீயில் வெறும் சட்டியில் வாசம் வருகிற வரை வறுத்து, நாலு பல் பூண்டும் வைத்துத் தண்ணீர் தெளித்துக் கொரகொரப்பாக அரையுங்கள். மைய அரைத்தால் குழம்பு மாதிரி ஆகிவிடும், காயில் ஒட்டாது. சின்ன வெங்காயம் 20 உரித்து இரண்டாக வெட்டுங்கள்.

நல்லெண்ணெய் நாலு மேசைக்கரண்டி. குறைக்காதீர்கள், கத்தரிக்காய் எண்ணெயில்தான் வேக வேண்டும். கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயமும் இன்னும் நாலு பல் பூண்டும் போட்டு நிறம் மாறியதும் காயைப் போடுங்கள். மஞ்சள், உப்பு. அவ்வளவுதான், தண்ணீர் ஒரு சொட்டுக்கூட ஊற்ற வேண்டாம். குழிவான தட்டால் மூடி, அந்தத் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி வையுங்கள். சட்டிக்குள் எழும்புகிற ஆவி தட்டின் அடியில் பட்டுக் குளிர்ந்து திரும்பக் காயிலேயே சொட்டும். எட்டு, பத்து நிமிடத்தில் காய் பாதிக்கு மேல் வெந்திருக்கும். அப்புறம் அரைத்த விழுதைப் போட்டு, காய் உடையாமல் பிரட்டி, எண்ணெய் ஓரத்தில் பிரிகிற வரை திறந்து வைத்தே சுருள விடுங்கள்.

மண்டபம் மருமகள்:
நன்றி தம்பி. தண்ணீரே இல்லாமல் எவர்சில்வர் சட்டியில் அடி பிடிக்காதா? இரும்புச் சட்டியும் இருக்கிறது, அதில் வைக்கலாமா? மீன் குழம்பு நாக்குக்குப் புளிப்பும் தேவைப்படும், புளியை எப்போது சேர்ப்பது?

வல்லத்துக்காரன், தேவிபட்டினம்:
மெல்லிய எவர்சில்வர் என்றால் பிடிக்கும். மண்சட்டி இருந்தால் அதுதான் முதல். அடி கனமான அலுமினியமும் சரி. இரும்புச் சட்டியில் வாழைக்காய் வறுவலுக்கு நிகர் கிடையாது, ஆனால் கத்தரிக்காயும் புளியும் சேர்ந்தால் இரும்பில் கறுத்துப்போகும், ருசியிலும் இரும்பு வாடை வரும். புளி பற்றி டீச்சர் அக்கா வந்தால் சரியாகச் சொல்வார்கள்.

பரமக்குடி டீச்சர்:
வந்துவிட்டேன். மருமகளின் இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

காயின் செல் சுவர்களை ஒட்ட வைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். வேகும்போது அது கரைந்து இளகுவதால்தான் காய் மெத்தென்று ஆகிறது. போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். அவை பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன. கொத்தவரங்காய் நறுக்கென்றே நிற்பதற்கும், துவரம்பருப்பு மணிக்கணக்கில் வேகாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம். உங்கள் சமையலில் குறையே இல்லை.

நாம் போடுகிற உப்பு அப்படிச் செய்யாது. சோடியம் உப்பு காயை இளக்கத்தான் செய்யும். அதனால் உப்பை ஆரம்பத்தில் போடுவதில் தப்பில்லை. உங்கள் தண்ணீரே கரிப்பதால் முதலில் பாதி உப்பு போட்டு, இறக்கும்போது ருசி பார்த்து மீதியைச் சேருங்கள்.

புளிப்பும் பெக்டினைக் கரைய விடாது. காய் முழுசாக வெந்த பிறகே புளிக்கரைசல். முன்னாலேயே ஊற்றினால் அப்புறம் எவ்வளவு கொதித்தாலும் அந்த நிலையிலேயே நின்றுவிடும். ஆனால் இதையே நமக்கு உதவியாகவும் வைத்துக்கொள்ளலாம். பிஞ்சுக் கத்தரிக்காய் சீக்கிரம் குழைந்துவிடும் என்று பயந்தால் முக்கால் வேக்காட்டில் புளி ஊற்றுங்கள், துண்டு துண்டாக நிற்கும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுத் தெளிவை மட்டும் எடுத்தால் கடினத்தன்மை ஓரளவு குறையும், பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். முழுதும் போகாது, கரிப்பும் போகாது. சிலர் சமையல் சோடா ஒரு சிட்டிகை போடச் சொல்வார்கள். காய் வேகும், ஆனால் கொழகொழவென்று ஆகிவிடும், பி1, சி வைட்டமின்களும் வீணாகும். பிள்ளைகள் சாப்பிடுகிற வீட்டில் வேண்டாம். தம்பி சொன்ன தண்ணீரில்லாத முறைதான் நம்ம ஊருக்குச் சரியானது. கத்தரிக்காயில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர்தான், வெளித் தண்ணீருக்கு அவசியமே இல்லை. கடினமான தண்ணீர் மூடித்தட்டின் மேலேயே இருக்கட்டும், காயைத் தொட வேண்டாம்.

வத்தக்காட்டார், ஆர்.எஸ்.மங்கலம் பக்கம்:
எல்லோரும் காயையும் தண்ணீரையும் பேசுகிறீர்கள், வத்தலைப் பற்றி ஒரு வரியோடு போய்விட்டது. இந்த வெஞ்சனத்துக்கு உயிரே வத்தல்தான் தாயி.

நம்ம குண்டு வத்தலுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ராமநாதபுரம் முண்டு என்று பெயர். அந்தச் சமயத்திலேயே வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்க்கும் கிடைத்தது. நம்ம வத்தலையும் அந்தக் காயையும் சேர்த்து ஒரு நாள் சமைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

குண்டு வத்தல் தோல் தடித்தது. நீள வத்தல் அளவுக்குச் சுரீரென்று ஏறாது, ஆனால் சாறும் நிறமும் வாசமும் கொடுக்கும். கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். சத்தமில்லாமல் மெத்தென்று இருந்தால் சரியாகக் காயவில்லை, சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். காம்புப் பக்கம் கறுத்திருந்தாலோ, உடைத்தால் உள்ளே சாம்பல் பூத்திருந்தாலோ, விலை குறைவு என்று வாங்காதீர்கள். அது உடம்புக்கு ஆகாது. இப்போது சித்திரை, புதுவத்தல் வந்துகொண்டிருக்கிற நேரம். புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி விதைத்து, தையிலிருந்து பழம் பறிக்கிறோம். எங்கள் பக்கம் வாய்க்கால் பாசனம் கிடையாது, வடகிழக்குப் பருவமழை பெய்தால்தான் உண்டு. பறிக்கிற நேரத்தில் மழை வந்தாலும் போச்சு, களத்தில் கிடக்கிற வத்தல் வெளுத்துவிடும். அந்த வெளுத்த வத்தலை அரைத்துச் சாயம் கலந்து பொடியாக விற்கிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் வத்தலாக வாங்கி வீட்டிலேயே அரையுங்கள். எங்கள் உழைப்பும் உங்களுக்கு அப்படித்தான் முழுசாக வந்து சேரும்.

வறுக்கும்போது ஒன்று கவனியுங்கள். தடித்த தோல் என்பதால் பெரும் தீயில் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். சிறு தீ. எண்ணெய் ஒரு சொட்டு விட்டு வறுத்தால் நிறம் நன்றாக இறங்கும், நிறமும் காரமும் எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. காரம் குறைய வேண்டுமானால் விதையை மட்டும் உதறினால் போதாது. காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கிற அந்த வெளிர் நரம்பில்தான் இருக்கிறது. அதையும் சேர்த்துச் சுரண்டி எடுத்தால்தான் குறையும்.

கீழக்கரை லாத்தா:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லோருக்கும். தம்பி சொன்னது கரைக்குக் கரை ஒரே முறைதான், ஆனால் எங்கள் வீடுகளில் மல்லியைக் குறைத்துச் சோம்பு ஒரு தேக்கரண்டி வைத்து அரைப்போம். தாளிப்பில் ஒரு துண்டு பட்டை. வாழைக்காய் என்றால் கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பால் அரை டம்ளர். பாலை ஊற்றிய பிறகு கொதிக்க விடக்கூடாது, திரிந்துவிடும். ஓரம் லேசாக நுரைத்ததும் இறக்கிவிடணும்.

மீன் வாசம் இல்லாமல் இறங்காது என்கிற ஆட்களுக்கு மாசிக் கருவாட்டை இடித்து ஒரு தேக்கரண்டி தூவுவோம். மதியச் சோற்றுக்கு வேறு எதுவுமே தேவைப்படாது.

வல்லத்துக்காரன், தேவிபட்டினம்:
லாத்தா, மாசி வீட்டுக்கு வீடு கிடைக்காது. சென்னாக்கூனி, அதுதான் பொடி இறால் கருவாடு, எல்லாக் கடையிலும் உண்டு. வெறும் சட்டியில் வறுத்து, கையால் நிமிண்டி, நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசி மணல் போக்கி, வெங்காயத்தோடு வதக்கினால் கத்தரிக்காய் எங்கேயோ போய்விடும். மண்டபம் அக்கா வீட்டு ஆட்களுக்கு இதுதான் மருந்து. ஆனால் சோம்பு வேண்டாம். சோம்பு வந்தால் கறி மசாலா வாசம் வருகிறது, கத்தரிக்காயின் வாசம் அடங்கிப்போகிறது.

கீழக்கரை லாத்தா:
சோம்பை வறுக்காமல் பச்சையாக அரைத்தால் அப்படி வரும் தம்பி. வறுத்து அரைத்துப் பாருங்கள், இனிப்பு மட்டும் நிற்கும். கத்தரிக்காய்க்கு வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். வாழைக்காய்க்குச் சோம்பு இல்லாமல் முடியாது. வாழைக்காய்க்கு என்று சொந்த வாசம் கிடையாது, யாராவது கொடுத்தால்தான் உண்டு.

திருப்புல்லாணி மாமி:
நீங்கள் இரண்டு பேரும் கருவாட்டில் போய் நிற்கிறீர்கள். அமாவாசைக்கு என்ன செய்வது என்று யாராவது சொல்ல வேண்டாமா? ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குச் சேதுக்கரையிலும் தேவிபட்டினத்திலும் அக்னி தீர்த்தத்திலும் எத்தனை ஊர் ஜனம் வந்து முழுகிவிட்டுப் போகிறது. அன்றைக்கு இலையில் வாழைக்காய் இல்லாமல் முடியாது, வெங்காயமும் பூண்டும் ஆகாது. ஆனால் வெங்காயம் இல்லையென்றால் ருசி இல்லை என்று நினைத்து ஏனோதானோவென்று செய்துவிடுகிறார்கள். அது எனக்கு மனசுக்குப் பொறுக்கவில்லை. பித்ருக்களுக்கு வைக்கிற இலை அது.

வாழைக்காயைக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குங்கள், பால் கறை ஒட்டாது. நறுக்கியதை உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, கடலைப்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, குண்டு வத்தல் இரண்டு, இவற்றை வறுத்து, கடைசியில் இரண்டு கைப்பிடி தேங்காய்த் துருவலும் சேர்த்துப் பொன்னிறமாகப் பிரட்டி, தண்ணீர் விடாமல் பொடியுங்கள். காயைக் கொஞ்சம் தண்ணீரில் முக்கால் வேக்காடு வேகவைத்து வடித்து, பெருங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்த எண்ணெயில் போட்டு, பொடியைத் தூவி, ஐந்து நிமிடம் கிளறாமல் விடுங்கள். அடியில் முறுகலாக ஒட்டுகிறதே, அதைச் சுரண்டிச் சேர்த்தால் வெங்காயம் நினைவுக்கே வராது.

மண்டபம் மருமகள்:
மாமி, வாழைக்காய் வேகவைக்கத் தண்ணீர் வேண்டுமே, எங்கள் வீட்டில் உவர் தண்ணீர்தானே? கொத்தவரங்காயும் அப்படித்தான். அதில் கத்தரிக்காய் மாதிரிச் சாறு விடாதே.

பரமக்குடி டீச்சர்:
இரண்டையும் ஆவியில் வைத்துவிடுங்கள். இட்லிப் பானையின் அடியில் போர் தண்ணீரே இருக்கட்டும். மேலே எழும்பும் ஆவி சுத்தமான தண்ணீர், அதில் உப்பும் கிடையாது, சுண்ணாம்பும் கிடையாது. கொத்தவரங்காய் பிஞ்சாக இருந்தால் 12 நிமிடம், வாழைக்காய்த் துண்டு என்றால் 8 நிமிடம் போதும். கழுவுவதற்குப் போர் தண்ணீர் பரவாயில்லை, ஊறப் போடுவதற்கு மட்டும் குடிநீரை எடுங்கள்.

சாயல்குடி பனை:
ஒரு சின்னச் சேர்க்கை. கொத்தவரங்காயிலும் பாகற்காயிலும் இறக்கும்போது பட்டாணி அளவு கருப்பட்டி. இனிப்பு தெரியாது, கசப்பின் முனை மழுங்கும், காரம் தொண்டையில் நிற்காமல் இறங்கும். கருப்பட்டியைத் தட்டி நீரில் கரைத்து வடிகட்டியே ஊற்றுங்கள், மணல் இருக்கும்.

மழைக்காலத்தில் கமுதிப் பக்கம் போனால் அதலைக்காய் வாங்கிவாருங்கள். கரிசல் காட்டில் தானாக முளைக்கிற சின்னக் காய், பாகற்காய்க்குத் தங்கை. ஐப்பசி, கார்த்திகையில்தான் கிடைக்கும். இரண்டு முனையையும் கிள்ளிவிட்டு முழுசாகவே வதக்கலாம். வாங்கிய அன்றே சமைத்துவிடுங்கள், வைத்திருந்தால் வெடித்துவிடும். அதற்குச் சின்ன வெங்காயம் காயின் அளவுக்குச் சமமாக வேண்டும், அதில் கை சுருங்கினால் கசப்பு அடங்காது. யாரும் விதைத்துப் பயிரிடாத காய் இது. நாம் வாங்கிச் சமைக்காவிட்டால் பறிக்கிற ஆட்களும் விட்டுவிடுவார்கள்.

மண்டபம் மருமகள்:
நேற்று கத்தரிக்காய்ப் பிரட்டல் வைத்தேன். மூடியில் தண்ணீர் ஊற்றி, சென்னாக்கூனி இல்லாமல், கடைசியில் நெல்லிக்காய் அளவு புளி கரைத்து ஊற்றி. மாமனார் சட்டியில் சோறு போட்டுப் பிரட்டிச் சாப்பிட்டார். இன்று கொத்தவரங்காயை ஆவியில் வைத்தேன், மெத்தென்று வெந்துவிட்டது. டீச்சருக்கும் தம்பிக்கும் ரொம்ப நன்றி.

வறுத்து அரைக்கிற வேலையைத் தினமும் செய்ய முடியவில்லை. தடைக்காலம் முழுதுக்கும் சேர்த்து ஒரே தரம் அரைத்து வைக்கலாமா?

வத்தக்காட்டார், ஆர்.எஸ்.மங்கலம் பக்கம்:
விழுதாக வைக்காதே தாயி, பூண்டும் தண்ணீரும் சேர்ந்தால் குளிர்சாதனப் பெட்டியில்கூட மூன்று நாளுக்கு மேல் வாசம் மாறிப்போகும். பொடியாக வை. குண்டு வத்தல் கால் கிலோ, மல்லி கால் கிலோ, சீரகம் 50 கிராம், மிளகு 25 கிராம். வத்தலை ஒரு நாள் முழு வெயிலில் போட்டு, கையில் நொறுங்குகிற பதம் வந்ததும், அடுப்பில் லேசாகச் சூடேற்றினால் போதும். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், வெயில் தாழ்வதற்குள் உள்ளே எடுத்துவிடு. மல்லியையும் சீரகத்தையும் மிளகையும் தனித்தனியாக வறுத்து, எல்லாம் நன்றாக ஆறிய பிறகு அரை. சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும்.

கீழக்கரை லாத்தா:
அரைத்ததும் அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, ஈரக் கரண்டி படாமல் எடுங்கள். அரைக் கிலோ காய்க்கு இந்தப் பொடி இரண்டு மேசைக்கரண்டி. பூண்டை மட்டும் அன்றன்றைக்குத் தட்டிப் போடுங்கள். பொடியைத் தூவும்போது தீயைக் குறைத்து, ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டுத் தூவினால் கருகாது. அந்த ஒரு கைத் தண்ணீரும் குடிநீராக இருக்கட்டும்.